பறவைநாகத்தின் நாக்கு

1946 செப்டம்பர் 11

நாக்கு இன்றைக்கும் வரவில்லை.

வாய் திறக்கிறது. இமை ரெண்டும் தனித்தனியா மூடித் திறக்குது. மூக்கு விடைக்குது. நாக்கு மட்டும் உள்ளேயே சுருண்டு படுத்துக்கொண்டு வெளியே வரமாட்டேன் என்கிறது. கயிறு கட்டினவன் தங்கராசு. "முடிச்சு சரியாத்தாண்ணே இருக்கு"ன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கறான். அவன் குரும்பலூர்க்காரன், கூத்தில் கட்டியக்காரன் வேஷம் போட்டவன். வாய்க்குக் குறைச்சல் கிடையாது. முடிச்சுதான் போடத் தெரியாது.

நாகத்தின் தலைக்குள்ளே நுழைகிற என் வலது கையில் அஞ்சு பித்தளை மோதிரம், ஒவ்வொன்றிலும் ஒரு கயிறு. கட்டைவிரல் கீழ்த்தாடை. அடுத்த ரெண்டு விரலும் இமை. மோதிர விரல் மூக்கு. சுண்டு விரல் நாக்கு. இடது கையால் கழுத்தைத் திருப்ப வேண்டும். உடம்பு, வால், இறக்கை எல்லாம் பின்னால் குனிந்து வருகிற தங்கராசு பாடு. இத்தனை வருஷமா இந்தக் கயிறுகள் என் சொல்லைக் கேட்டதே, இப்ப என்ன வந்தது?

தேவதூதர் மிக்கேல் சம்மனசு திருநாளுக்கு, வருஷா வருஷம் போடும் கோயில் நாடகத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. நாக்கு நீட்டாத பறவைநாகத்தைக் குத்திக் கொன்று சம்மனசுக்கு என்ன பெருமை?

செப்டம்பர் 14

கயிறு மாற்றி எண்ணெய் போட்டேன். நாக்கு வருது. ஆனா நான் இழுத்து கொஞ்சம் கழிச்சுத்தான் வருது. தங்கராசைத் திட்டினேன். சோறு தின்னாமல் போய்விட்டான். போகட்டும்.

செப்டம்பர் 30

நேற்று வாசாப்பு நாடகம் நல்லபடியாக முடிந்தது. நாக்கு ரெண்டு தடவை வந்தது, ஒரு தடவை வரவில்லை. சனம் கவனிக்கவில்லை. பிள்ளைகள் அலறி அம்மா மடியில் விழுந்தார்கள், அது போதும்.

சினிமா டைரக்டர் ஒருத்தர் அரியலூர் ஸ்டேஷனில் இறங்கி மாட்டு வண்டி பிடித்து வந்து, முன்வரிசையில் நாற்காலி போட்டுப் பார்த்தார். முடிந்ததும் என்னிடம் முதலில் கேட்டது, "ஏன்யா, கடைசியில ஊரே உம்ம பேரைச் சொல்லிக் கத்துது?"

சொன்னேன். நாகத்துக்குள்ளே போனவன் பேரை அது சாகிற வரைக்கும் யாரும் சொல்லக்கூடாது. ஞானஸ்நானப் பேர் பசாசு காதில் விழக்கூடாது. தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்கிறவர்கள் கூட "உள்ளே இருக்கறவரே"ன்னுதான் கூப்பிடுவாங்க. சம்மனசு ஈட்டியால் குத்தி நாகம் செத்ததும், ஊர் ஒண்ணா சேர்ந்து "சந்தியாகு, வெளியே வா"ன்னு கூப்பிடும். மூணு கூப்பாடு. மூணாவதுக்குள்ளே நாகத்தின் வாய் வழியா வெளியே வந்து சம்மனசு காலில் விழுந்து முத்தி செய்யணும்.

"வரலேன்னா?"

"வராம இருந்ததில்லீங்க" என்றேன். சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

அக்டோபர் 9

டைரக்டர் படத்துக்கு ஒப்புக்கொண்டேன். பெரம்பலூர்ப் பக்கம் ரஞ்சன்குடிக் கோட்டையில் தை மாதம் படப்பிடிப்பு. ராஜகுமாரி ஒருத்தியை நாகம் காவல் காக்குமாம், ராஜகுமாரன் வந்து அதைக் கொல்வானாம். எல்லாம் அதே கதைதான், சம்மனசுக்குப் பதில் மீசை வைத்த ஒருத்தன். நாகம் திரையில் பிடித்திருந்தால் மெட்ராஸ் ஸ்டூடியோவில் எனக்கு நிரந்தர வேலை என்று டைரக்டர் வாயால் சொன்னார். அடுத்தடுத்து பூதம், யாளி, கடல்ராட்சசன் எல்லாம் வைத்திருக்கிறாராம்.

முன்னே சேலத்தில் ஒரு படத்துக்குக் கருடனுக்கு இறக்கை ஆட்டினேன். தலையை வேற எவனோ ஆட்டினான், ஆடு தழை தின்னற மாதிரி. பார்க்கப் பார்க்க வயிறு எரிஞ்சுது. இந்தத் தடவை தலை என் கையில்.

மதலேன்கிட்ட சொன்னேன். என் பெண்டாட்டி எதையும் உடனே சந்தோஷப்பட்டுவிட மாட்டாள். "மெட்ராஸ்ல பூசைக்கு கோயில் பக்கத்துல இருக்குமா?"ன்னு கேட்டா. மகள் புஷ்பம்தான் துள்ளினாள்.

நவம்பர் 20

எண்ணெய் தேய்த்துவிடும்போது மதலேன் முழங்கைக்கு மேலே ஒரு வெளிறிய இடம் இருக்கு என்றாள். தேமல். பூவரசங்காயை உடைத்துத் தேய்த்தாள். அரிக்குதா என்றாள். இல்லை என்றேன். எரியுதா? இல்லை. "உங்களுக்கு எதுதான் உறைச்சுது"ன்னுட்டு எழுந்து போனா.

டிசம்பர் 8

நாகத்துக்குப் புது மண்டை. மூங்கில் விலா, மேலே பழைய பேப்பர், புளியங்கொட்டைப் பசை, அதற்கு மேல் ஆட்டுத்தோல். மிஷன் பள்ளிக்கூடத் தச்சுப்பட்டறையில் பகல் வேலை முடிந்ததும் அங்கேயே உட்கார்ந்து ஒட்டுகிறேன்.

பசைச் சட்டி மேல் கையை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். தங்கராசு "அண்ணே கை, கை"ன்னு கத்தினப்பதான் பார்த்தேன். கொப்புளம். வலிக்கவே இல்லை. இத்தனை வருஷம் உளி பிடித்த கை, காய்ச்சுப் போயிருக்கும்.

டிசம்பர் 22

லெப்பைக்குடிகாடு அப்துல் லத்தீப் வந்தார். குடைக்கம்பி, சைக்கிள் பிரேக் கம்பி எல்லாம் எனக்கு எங்கிருந்தாவது தேடிக் கொண்டுவந்து தருகிறவர். சண்டைக்கு முன்னால் ரங்கூனில் குடைக்கடை வைத்திருந்தார், ஜப்பான்காரன் குண்டு போட்டதும் குடும்பத்தோடு நடந்தே வந்து சேர்ந்தவர். கயிற்றுக்குப் பதிலா பிரேக் கம்பி போட்டால் நாக்கு கேட்கும் என்று நான்தான் சொல்லி அனுப்பினேன்.

கம்பியைக் கொடுத்துவிட்டு என் சுண்டு விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் பாய், விரல் மடங்கியே நிக்குது?" என்றார், என்னையும் பாய் என்றுதான் கூப்பிடுவார். மோதிரம் போட்டுப் போட்டு அப்படி ஆயிடுச்சு என்றேன். அல்லா காப்பான் என்று சொல்லிவிட்டுப் போனார். எதுக்கு அல்லா காப்பான்? கம்பிக்கா?

பிரேக் கம்பியிலும் நாக்கு நேரத்துக்கு வரவில்லை.

1947 ஜனவரி 18, ரஞ்சன்குடி

பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடுகிற கரி பஸ்ஸில் வந்து சேர்ந்தோம். ஏற்றத்தில் ரெண்டு தடவை இறங்கித் தள்ளினோம், நாகத்தின் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் மட்டும் இறங்கவில்லை. கண்டக்டர் திட்டினான். திட்டிக்கொள்ளட்டும். வாலிகண்டபுரத்தில் சனம் பஸ்ஸைச் சுற்றிக்கொண்டது, ஒரு கிழவி தலைக்குக் கும்பிடு போட்டு விபூதி பூசப் பார்த்தாள். அய்யோ ஆத்தா, இது பசாசு, சாமி இல்லைன்னு சொல்லி அனுப்பினேன்.

கோட்டையின் அடிக்கட்டு அறையில் படப்பிடிப்பு. மேலே ஓட்டை வழியாகத் தகரத் தட்டு வைத்து வெயிலை உள்ளே திருப்பி விடுகிறார்கள். பிலிம் கிடைப்பது கஷ்டம், ஒவ்வொரு ஷாட்டும் ஒரே தடவைதான் என்று டைரக்டர் முதல் நாளே எச்சரித்தார்.

ஜனவரி 21

நாகம் நெருப்பு கக்க வேண்டுமாம். ஒப்புக்கொள்ளும்போது இதைச் சொல்லவே இல்லை, படுபாவி.

கூத்தில் செய்கிற வழி தங்கராசுக்குத் தெரியும். பந்தம் ஒன்றை நீட்டிப் பிடித்து, குழாயில் குங்கிலியத் தூளை வைத்து ஊதினால் குபீரென்று எரிந்து அடங்கும். ஆனால் கூத்தில் பந்தத்தை வெளியே நீட்டிப் பிடிப்பான். இங்கே ஆட்டுத்தோல் வாய்க்குள்ளே இரும்புக் கம்பியில் பந்தத்தை என் வலது கை பிடிக்கணும். வாயால் ஊதணும். அந்த ஷாட்டில் மோதிரம் கிடையாது, தாடையைக் குச்சி வைத்து நிறுத்திவிடலாம். கை ஆடினால் தோல் பிடித்துக்கொள்ளும், அப்புறம் நானும் பின்னால் தங்கராசும் உள்ளேயே வெந்து போவோம்.

"வேணாம்ணே, எனக்குப் புள்ளகுட்டி இருக்கு" என்கிறான். எனக்கு மட்டும் என்ன, இல்லையா?

முடியாதுன்னு சொல்லியிருக்கலாம். சொன்னால் மெட்ராஸ் போச்சு. திரும்ப எவனோ தலையை ஆட்டுவான், நான் இறக்கையை ஆட்டணும்.

ஒருசந்தி விரதம் இருக்கேன், மிக்கேல் சம்மனசானவரே, அன்னைக்கு என் கை ஆடக்கூடாது.

ஜனவரி 24

முடிந்தது!

கை ஆடவே இல்லை. கை தெரியாமல் இருக்க ஆட்டுத்தோல் உறையை மாட்டிக்கொண்டு கம்பியைப் பிடித்தேன். "ஆக்ஷன்" என்றார்கள். ஊதினேன். நெருப்பு கோட்டைச் சுவர் வரை போய் அடித்தது. ராஜகுமாரி நடிக்காமலேயே கத்தினாள். கம்பி சூடேறும் என்று பயந்தேனே, ஒன்றுமே தெரியவில்லை. கட் சொன்ன பிறகும் நான் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

டைரக்டர் கை தட்டினார். "என்ன மனுஷன்யா நீ! மெட்ராஸ்ல உனக்கு எடம் ரெடி" என்றார். எல்லோர் முன்னாலும் சொன்னார். உறையைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன், சிரிப்பு வருது.

ஒரே ஒரு குறை. ஒத்திகையிலேயே உறை கருகிப் பிளந்திருக்கிறது. ஷாட்டில் நாகத்தின் வாய்க்குள் மனுஷக் கை தெரிந்துவிட்டதாம், காமிராக்காரர் சொன்னார். அஞ்சு விரலும் பளிச்சுன்னு தெரியுது சார் என்றார். டைரக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு, வேற பிலிம் இல்லை, இருக்கட்டும், சனம் கவனிக்காது என்றார். எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. பத்துப்பேர் பாராட்டும்போது ஒரு குறையைத் தூக்கிச் சுமப்பானேன்?

ஜனவரி 25

நேற்று மாலை உறையைக் கழற்றினேன், உறையோடு தோலும் வந்துவிட்டது. உள்ளங்கையில் பாதி. சுட்ட கறி வாசனை. தங்கராசு பார்த்துவிட்டு வெளியே போய் வாந்தி எடுத்தான்.

வலி இல்லை. கொஞ்சம்கூட இல்லை.

முதலில் பயமாக இருந்தது. அப்புறம்தான் புரிந்தது. கை ஆடக்கூடாது என்று வேண்டினேன். அவர் வலியையே எடுத்துக்கொண்டார். எத்தனை வருஷமா அவர் காலடியில் பசாசு வேஷம் கட்டி மிதிபட்டேன், கைமாறு செய்துவிட்டார். இதை யாரிடமும் சொல்லப் போவதில்லை, சொன்னால் பெருமை பிடித்தவன் என்பார்கள். ஊருக்குப் போனதும் பெரிய மெழுகுவர்த்தி ஒன்று.

ஜனவரி 30

வத்தி ஏற்றினேன். அழுதுவிட்டேன். சந்தோஷத்தில்தான்.

பிப்ரவரி 16

புண் ஆறவில்லை. ஓரம் வெளுத்து, நடுவில் நீர் வடிகிறது. மதலேன் மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டுக் கட்டுகிறாள். நாற்றம் வருது என்று அவள் சொல்லவில்லை, மூச்சை அடக்கிக்கொண்டு கட்டுகிறாள்.

லத்தீப் வந்தார். நான் கம்பி கேட்காமலேயே வந்தார். கட்டைப் பிரிக்கச் சொன்னார், பிரித்தேன். முழங்கைக்குப் பின்னால் விரலை வைத்து உருட்டினார். உள்ளே நரம்பு திரி மாதிரி தடித்து உருண்டது, எனக்கே தெரிந்தது. தேமல் இருந்த இடத்தைக் காட்டச் சொல்லி, குடைக்கம்பி முனையால் குத்தினார். ரத்தம் வந்தது. எனக்கு ஒன்றும் வரவில்லை.

"எங்க காக்காவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றார். அவருடைய அண்ணனைச் சொல்கிறார். "ரங்கூன்லேருந்து எல்லாரும் கிளம்புனப்ப அவரால நடக்க முடியல. கப்பல்லயும் ஏத்த மாட்டேன்னுட்டான். வூட்டுக்குள்ள தண்ணியும் பிஸ்கோத்தும் வச்சுட்டு, கதவைச் சாத்திட்டு வந்தோம். மறைக்காதீங்க பாய். மறைச்சு மறைச்சுத்தான் அவரு அப்படி ஆனாரு. ஆஸ்பத்திரிக்குப் போங்க."

குடைக்கம்பிக் கட்டை அவர்மேல் வீசி எறிந்தேன். என் வூட்டுக்குள்ள வந்து எனக்குப் பெருவியாதின்னு, குஷ்டம்னு சொல்றியா, எந்திரிச்சுப் போய்யான்னு கத்தினேன். அக்கம்பக்கம் கேட்டிருக்கும். அவர் கம்பிகளைப் பொறுக்கி ஓரமாக அடுக்கி வைத்துவிட்டுப் போனார்.

பிப்ரவரி 17

சம்மனசு கொடுத்த வரம் அது. லத்தீபுக்கு என்ன தெரியும்?

பிப்ரவரி 19

விபூதித் திருநாள். சாமியார் நெற்றியில் சாம்பல் பூசினார். வலது கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு இடது கையால் சிலுவை வரைந்தேன். உபதேசியார் பார்த்துவிட்டார். இடது கையாலா, என்று உதடு அசைந்தது.

சிவப்பு மிளகாயை அரைத்துப் புண்ணில் பூசிப் பார்த்தேன். எரியட்டும், தயவுசெஞ்சு எரியட்டும்னு உட்கார்ந்திருந்தேன். எரியல.

மார்ச் 3

கொள்ளிடத்துக்கு அக்கரையில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஆஸ்பத்திரிக்குப் போனேன். சொந்தக்காரன் ஒருத்தனுக்காக விசாரிக்க வந்தேன் என்று ஆரம்பித்தேன். வெள்ளைக்கார சிஸ்டர் நல்ல தமிழில், "உட்காருங்க, உங்க கையைக் காட்டுங்க" என்றார்.

கண்ணை மூடச் சொன்னார். கோழி இறகால் தொடுவேன், தொடும்போது சொல்லுங்க என்றார்.

நான் நாகத்துக்குள்ளே இருந்தவன். வெளியே நடப்பதைப் பார்க்காமலே ஆடிப் பழகினவன். அவர் மூச்சு விடுகிற சத்தம், அங்கி உரசுகிற சத்தம், எல்லாவற்றையும் கேட்டுக் குறி வைத்து, "இப்ப... இப்ப... ம், இப்ப"ன்னு சொல்லிக்கிட்டே வந்தேன். நல்லா சொல்றேன்னுதான் நெனச்சேன். கடைசியில் கண்ணைத் திறந்தால் இறகு மேஜைமேல் கிடக்கிறது. சிஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கண் கலங்கியிருந்தது.

"நான் தொடவே இல்லை" என்றார்.

வாரா வாரம் நீரடிமுத்து எண்ணெய் ஊசி. இங்கேயே தங்கணும். மோதிரம், கம்பி, நெருப்பு ஒன்றும் இனி கையில் படக்கூடாது.

வரமுமில்லை, மண்ணுமில்லை. சுண்டு விரல் போன வருஷமே சொல்லிவிட்டது. நான்தான் தங்கராசு முடிச்சைக் குறை சொன்னேன். ஏன் சாமி, ஏன்? பசாசை மிதிச்ச காலைப் பிடிச்சவனுக்குத்தான் இதைக் கொடுக்கணுமா? எத்தனை பேர் குடிச்சுட்டுக் கிடக்கறான், பெண்டாட்டியை அடிக்கறான், அவன் கை எல்லாம் நல்லா இருக்குதே.

மார்ச் 9

மதலேனிடம் சொன்னேன். அடுப்பை அணைத்தாள். அப்புறம் என் மார்பிலேயே ரெண்டு கையாலும் அடித்தாள். "ஒண்ணரை மாசமா நான் கட்டுப் போட்டேனே, எங்கிட்ட சொல்லணும்னு தோணலியா?" எனக்கே தெரியாது என்றேன். "பொய். உங்களுக்குத் தெரியும்"னா. தெரியுமா? தெரிஞ்சிருக்கும் போல.

அழுது முடித்துவிட்டு அவள்தான் வழி சொன்னாள். புஷ்பத்துக்கு வயசு வந்துவிட்டது. வெளியே தெரிந்தால் அவளை எவன் கட்டுவான்? கிணற்றில் தண்ணீர் எடுக்க விடுவார்களா? "நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க. கேட்டா மெட்ராஸ்ல சினிமாவுல இருக்காருன்னு சொல்லிக்கறேன். கூப்பிட்டிருக்கான்னு ஊருக்கே தெரியும்ல."

நல்ல பொய். குறை சொல்ல ஒன்றுமில்லை.

மார்ச் 14

தங்கராசு ஓட்டமாக வந்தான். டைரக்டர் ஆள் அனுப்பியிருக்கிறார், இந்த வாரமே ரெண்டு பேரும் நாகத்தோடு மெட்ராஸ் வரணும். அவனிடம் சொன்னேன். அவன் என்னைக் கட்டிப்பிடிக்க வந்தான், நான் நகர்ந்துகொண்டேன்.

கடைசியா ஒரு தடவை மாட்டிப் பார்த்துவிட்டு மோதிரம் நாலைக் கழற்றிக் கொடுத்தேன். சுண்டு விரல் மோதிரம் வரவில்லை, விரல் மடங்கி இறுகிவிட்டது. சோப்பு போட்டு உருவினான். அவன் அழுதான், நான் அழவில்லை. தலையை எடுத்து வண்டியில் வைக்கும்போது தாடை தானாகத் திறந்துகொண்டது. கட்டி எடுத்துட்டுப் போடா, ஈ புகுந்துடும் என்றேன்.

"ஊர்ல கேட்டா அண்ணன் என்கூடத்தான் இருக்காருன்னு சொல்வேன்" என்றான். முடிச்சுப் போடத் தெரியாதவன்னு எத்தனை தடவை திட்டியிருப்பேன். சோறு தின்னாமப் போனானே அன்னைக்கு.

மார்ச் 16

ஊர் முழுக்க வந்து வழியனுப்பியது. மாலைகூட போட்டார்கள். புஷ்பம் வண்டிக்குப் பின்னால் ஓடி வந்து, மெட்ராஸ்லேருந்து கண்ணாடி வளையல் வாங்கிட்டு வாங்கப்பா என்றாள். வண்டி அரியலூர் ரோட்டில் திரும்பியதும் இறங்கி, ஆற்றை நோக்கி நடந்தேன்.

ஆகஸ்ட் 15

சுதந்திரமாம். தேவமாதா மோட்சத்துக்கு எழுந்தேறின திருநாளும் இன்றைக்குத்தான். ஆஸ்பத்திரியில் ஆளுக்கு ஒரு லட்டு. வாசல் கேட் வழக்கம்போல சாத்தியிருக்கிறது.

1948 மே 20

ஆற்றில் தண்ணீர் இல்லை. மதலேன் மணலில் நடந்தே வந்தாள். வேலிக்கு அந்தப்பக்கம் நின்றாள்.

புஷ்பத்துக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. பெரம்பலூரில் வாத்தியார் வேலை பார்க்கிற பையன். "சினிமாக்காரர் மகள்னு சம்பந்தி வூட்டுல ஒரே சந்தோசம். நீங்க வரலியேன்னு கேட்டாங்க. ஷூட்டிங்னு சொன்னேன். தங்கராசு வந்து உங்க பேர்ல மொய் எழுதிட்டுப் போனான்."

"வளையல்?"

"நானே அரியலூர்ல வாங்கி, நீங்க அனுப்பினதுன்னு போட்டுவிட்டேன்." அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "அவளுக்கு எல்லாம் தெரியும். முதல் நாளே சொல்லிட்டேன். தெரியாத மாதிரிதான் போட்டுக்கிட்டா."

கை எப்படி இருக்கு என்று கேட்டாள். துணி சுற்றியிருந்தது, நல்லா இருக்கு என்றேன். பலாச்சுளை கொண்டுவந்திருந்தாள். வேலிக் கம்பிமேல் வைத்துவிட்டு நகர்ந்து நின்றாள், நான் போய் எடுத்தேன். நாங்கள் ரெண்டு பேரும் அதைப் பழக்கம் மாதிரி செய்தோம்.

1949 ஜூலை 2

சுண்டு விரலும் மோதிர விரலும் போய்விட்டன. சீழ் வைத்து எலும்பு வெளியே வந்தது, சிஸ்டர் எடுத்துவிட்டார். வலிக்கவில்லை என்று எழுத வெட்கமாக இருக்கிறது. நாகத்தின் நாக்கும் மூக்கும் போச்சு. கண்ணும் வாயும் பாக்கி.

புது மாத்திரை வந்திருக்கிறது, இனி பரவாது என்கிறார்கள். போனது திரும்பாது, தடித்துப்போன என் முகமும்தான். இனிமேல் இடது கை எழுத்து. கோழி கிளறின மாதிரி இருக்கிறது.

செப்டம்பர் 24

தங்கராசு வந்துவிட்டுப் போனான். மெட்ராஸில் அவன் இப்போது பெரிய ஆள், பேண்ட் போட்டிருக்கிறான். படம் ஒருவழியாக வெளிவந்துவிட்டது, அரியலூர் டெண்டுக் கொட்டகையில் ஓடுகிறது. படத்துக்கு ராஜகுமாரியின் பேர். பேர்ப் பட்டியலில் என் பேர் இல்லையாம். "என் பேரும் இல்லண்ணே, நாகத்துக்கு யாரு பேர் போடுவாங்க" என்றான்.

எங்கள் ஊரில் இந்த வருஷமும் திருநாளுக்கு வாசாப்பு கிடையாது. நாகம் மெட்ராஸில் இருக்கிறதே. அதற்குப் பதில் எல்லோரும் வண்டி கட்டி சினிமாவுக்குப் போகப் போகிறார்களாம்.

அக்டோபர் 1

நேற்று முன்தினம் அரியலூர் போனேன். சிஸ்டரிடம் கேட்கவில்லை. கேட்டால் அவருக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம். பரிசலில் ஏற்ற மாட்டார்கள் என்று மார்பளவு தண்ணீரில் இறங்கியே கடந்தேன். வைக்கோல் வண்டிக்காரன் ஒருத்தன் முகத்தைப் பார்க்காமல் ஏற்றிக்கொண்டான்.

கொட்டகைக்குள்ளே போகவில்லை. காற்றுக்காகப் பக்கப் படுதாவைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள், பெண்கள் பக்கம். அந்த மறைவில் தலையோடு போர்வை போர்த்திக்கொண்டு நின்றேன். முதல் ஆட்டம். மணலில் எங்கள் ஊர்ச் சனம் அத்தனையும். உபதேசியார், கோயில் மணியடிக்கிற கோவில்பிள்ளை, எல்லோரும். மதலேன் முதுகு தெரிந்தது. பக்கத்தில் புஷ்பம். நிறை மாசம். அதை என்னிடம் யாரும் சொல்லவில்லை.

நாகம் வந்தது. என்னமா வந்தது! தலையைத் தூக்கி, ஒரு இமையை மட்டும் மூடி, ராஜகுமாரியைப் பார்த்தது. கொட்டகை கப்சிப். நான் செய்ததா இது என்று எனக்கே உடம்பு சிலிர்த்தது. நாக்கு வர வேண்டிய இடத்தில் வரவில்லை. போர்வைக்குள்ளே என் கை இழுத்தது. இல்லாத விரல் இழுத்தது.

அப்புறம் நெருப்பு. குபீரென்று திரை வெளுத்தது. அந்த வெளிச்சத்தில் நாகத்தின் வாய்க்குள்ளே ஒரு கை. கருகின தோலைப் பிளந்துகொண்டு. கட்டைவிரலிலிருந்து சுண்டு விரல் வரைக்கும், கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஆடாமல். வீடு மாதிரி பெரிசா. அஞ்சு விரலும் இருந்தது. எவ்வளவு அழகான கை அது. எனக்குத் தெரியாமப் போச்சே.

"ஏய், உள்ள கை தெரியுதுடா"ன்னு ஒருத்தன் கத்தினான். கொட்டகை சிரித்தது. வெளியூர்க்காரன் எவனோ விசிலடித்தான். எங்கள் ஊர்ப் பொம்பளை ஒருத்தி, "யாரு, நம்ம சந்..."ன்னு ஆரம்பிச்சா.

"பேரைச் சொல்லாதீங்க அத்தை" என்றாள் புஷ்பம். "நாகம் இன்னும் சாவல."

அந்தப் பொம்பளை வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்கப்புறம் எங்கள் ஊர்ச் சனம் ஒருத்தரும் பேசவில்லை. திரையில் மீசைக்காரன் கத்தியைச் சுழற்றினான். நாகம் சுருண்டது, இறக்கை அடித்தது. வாலை மூணு தரம் தரையில் அறைந்தது. அது தங்கராசு, எப்பவும் ஒண்ணு அதிகமா அறைவான். இமை மூடியது. தலை சாய்ந்தது.

எவன் ஆரம்பித்தான் என்று தெரியவில்லை. உபதேசியார் குரல் மாதிரிதான் இருந்தது. உடனே எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள், மெட்ராஸ்காரனாகிவிட்ட எனக்கு மெட்ராஸ் வரைக்கும் கேட்கட்டும் என்கிற மாதிரி சிரித்துக்கொண்டே, கை தட்டிக்கொண்டே.

"சந்தியாகு, வெளியே வா!"

என் பேரை யாராவது சொல்லிக் கேட்டு எத்தனை காலம் ஆச்சு. ஆஸ்பத்திரியில் எனக்குக் கட்டில் நம்பர்தான். கால் தானாக ஒரு அடி முன்னால் வைத்துவிட்டது, வெளிச்சத்துக்குள். பழக்கம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னப் பெண் ஒன்று திரும்பி என் முகத்தைப் பார்த்துவிட்டு அம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொண்டது. நாகத்தைப் பார்த்து அது அப்படிப் பயப்படவில்லை.

பின்னால் நகர்ந்தேன்.

ரெண்டாவது கூப்பாட்டில் புஷ்பத்தின் குரல் தனியாகக் கேட்டது. மற்றவர்கள் சிரித்துக்கொண்டு கூப்பிட்டார்கள், அவள் சிரிக்கவில்லை. மதலேன் குரல் இல்லை, அவள் குனிந்திருந்தாள்.

மூணாவது கூப்பாடு கேட்பதற்குள் ஆற்றுக்குத் திரும்பிப் போகிற திருமானூர் ரோட்டுக்கு வந்துவிட்டேன்.